பேர்போன அல்வாவும் ‘நோட்டோரியஸ்’ ஊரும்: ஆங்கிலச் சொல் சேர்க்க எந்த வழி?

போன சித்திரையில் அக்கா மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். அம்பாசமுத்திரத்திலிருந்து தினமும் செங்கோட்டை ரயிலில் திருநெல்வேலி ஜங்ஷன் வந்து, அங்கிருந்து பஸ் பிடித்துப் பாளையங்கோட்டையில் கல்லூரிக்குப் போகிறவள். வங்கித் தேர்வுக்கும் சேர்த்துப் படிக்கிறாள். பையைத் திறந்து ஒவ்வொன்றாக மேசையில் வைத்தாள். பஸ் ஸ்டாண்டு கடையில் வாங்கிய ஐயாயிரம் ஆங்கிலச் சொற்கள், தமிழ்ப் பொருளுடன். சொல் அட்டை ஆப் இறக்கிய போன். கல்லூரியில் படிக்கச் சொன்ன ஆங்கில நாளிதழ். கடைசியாக, 45 நாளில் ஆங்கிலம் என்று அச்சடித்த ஒரு கோச்சிங் நோட்டீஸ்.

“மாமா, இதுல எதைப் பிடிச்சா போதும்? எல்லாத்தையும் பிடிக்க நேரம் இல்ல.”

அந்த நேரம்தான் கேள்வியே. கணக்கும் ரீசனிங்கும் போக ஆங்கிலத்துக்கு அவளால் ஒதுக்க முடிவது ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம். அதிலும் பாதி ரயிலில்.

நோட்டை வாங்கிப் பார்த்தேன். சொல், பொருள், வாக்கியம் என்று மூன்று பத்தி போட்டு அழகாக எழுதியிருந்தாள். ஏழாவது வரியில் ‘நோட்டோரியஸ் – பேர்போன’. பக்கத்தில் அவளே எழுதிய வாக்கியம்: ‘திருநெல்வேலி இஸ் நோட்டோரியஸ் ஃபார் ஹல்வா.’

சிரிப்பை அடக்க முடியவில்லை. நோட்டோரியஸ் என்றால் கெட்டதற்குப் பேர்போனது. திருட்டுக்கு, குடிக்கு, ஏமாற்றுக்கு. நம் ஊரில் ‘பேர்போன’ என்பதை நல்லதற்கும் சொல்வோம், கெட்டதற்கும் சொல்வோம். அல்வாவுக்குப் பேர்போன ஊர், பத்தமடை பாய்க்குப் பேர்போனது, அடிதடிக்குப் பேர்போன தெரு. புத்தகம் தந்த பொருளைத் தப்பு என்று ஒரேயடியாகச் சொல்ல முடியாது. பாதியைச் சொல்லிவிட்டு நின்றுவிட்டது. அவளும் வாக்கியம் எழுதிப் பார்த்தவள்தான். தமிழ்ப் பொருளை வைத்தே வாக்கியம் கட்டியதால் தப்பு அப்படியே வாக்கியத்துக்குள்ளும் போய் உட்கார்ந்துகொண்டது.

ஆனாலும் பட்டியல் புத்தகத்தைத் தூக்கிப் போடு என்று நான் சொல்லவில்லை. தமிழை மறந்துவிட்டு ஆங்கிலத்திலேயே யோசி என்று அறிவுரை சொல்கிறவர்களோடு எனக்கு எப்போதும் ஒத்துப்போவதில்லை. மாங்கூஸ் என்றால் கீரி. அவ்வளவுதான், முடிந்தது. அதற்குப் போய், பாம்போடு சண்டை போடும், நீளமான உடம்புள்ள, சிறிய விலங்கு என்று ஆங்கிலத்தில் பத்து நிமிடம் விளக்குவது எதற்கு? நங்கூரம், சிறுநீரகம், அணில், கொத்தனார் என்று கண்ணால் பார்க்கிற, கையால் தொடுகிற எதற்கும் தமிழ்ப் பொருள் ஒன்று போதும். சொல் கற்றலைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த பால் நேஷன்கூடத் தாய்மொழிப் பொருளை ஒதுக்கச் சொன்னதில்லை. ஒரு பக்கம் சொல், மறுபக்கம் தாய்மொழிப் பொருள் என்று எழுதிய அட்டைகளை அவர் பரிந்துரைக்கவே செய்கிறார்.

அடிப்படைச் சொற்களுக்கும் இது பொருந்தும். 1953இல் மைக்கேல் வெஸ்ட் என்பவர் ஏறக்குறைய 2000 சொற்களைப் பொதுப் பயன்பாட்டுப் பட்டியலாக வெளியிட்டார். சாதாரண ஆங்கில எழுத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இந்த வட்டத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. இந்த இரண்டாயிரம் தெரியாதவர்கள் வேறு எதையும் யோசிக்க வேண்டாம்; தமிழ்ப் பொருளோடு சீக்கிரமாக முடித்துவிடலாம். அக்கா மகளுக்கு அவை ஏற்கெனவே தெரியும். அதனால் அவள் வாங்கிய புத்தகத்தில் முதல் பாதி அவளுக்கு வீண், பின்பாதி ஆபத்து.

ஏன் ஆபத்து என்பதற்கு என் கதையையே சொல்கிறேன். இருபது வருஷத்துக்கு முன்னால் ஜங்ஷன் பக்கம் ஒரு பார்சல் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். ஒரு தடவை இரண்டு பண்டல் காணாமல் போனது. டிரைவர் மேல் எனக்குச் சந்தேகம். மேலிடத்துக்கு ஆங்கிலத்தில் எழுத வேண்டும். சந்தேகம் என்றால் டவுட், பள்ளிக்கூடத்திலிருந்து அப்படித்தானே பழக்கம். ‘ஐ டவுட் தட் தி டிரைவர் டுக் தி பண்டில்ஸ்’ என்று எழுதி அனுப்பினேன். மேலே இருந்தவர் ஆங்கிலம் நன்றாகப் படித்தவர். டிரைவர் எடுத்திருக்க மாட்டார் என்று நீங்களே சொல்வதால் அவரை விசாரிக்க வேண்டியதில்லை என்று மறுநாள் பதில் வந்தது.

நான் எழுத நினைத்ததற்கு நேர் எதிர். டவுட் என்றால் ‘அப்படி இருக்காது என்று நினைக்கிறேன்’. சஸ்பெக்ட் என்றால் ‘அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்’. தமிழில் இரண்டுக்கும் சந்தேகம் என்ற ஒரே சொல்தான். வாக்கியம் போகிற போக்கிலேயே நமக்கு எது என்று புரிந்துவிடும். ஆங்கிலத்தில் எந்தச் சொல்லைப் போடுகிறோம் என்பதே எல்லாம். பட்டியல் புத்தகத்தில் இரண்டுக்கும் எதிரே ‘சந்தேகி’ என்று போட்டிருக்கும். பத்து முறை மனப்பாடம் செய்தாலும் இந்த வித்தியாசம் அதிலிருந்து வரவே வராது. ஒரு வாக்கியத்தில் பார்த்தால் உடனே வந்துவிடும். (பண்டல்கள் கடைசியில் குடோன் மூலையிலேயே கிடைத்தன. என் ஆங்கிலத்தால் தப்பித்தவர் உண்மையிலேயே குற்றமற்றவர்.)

இதை அக்கா மகளுக்குச் சொன்னபோது, “நம்ம சோலி மாதிரியா மாமா?” என்று கேட்டாள். அதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்திருக்காது. வெளியூரிலிருந்து நம் பக்கம் வருகிற ஒருவரிடம் ‘சோலி என்றால் வேலை’ என்று மட்டும் சொல்லிக் கொடுத்தால் என்ன ஆகும்? ‘ஒரு சோலியா வந்தேன்’ என்பது சரி. ‘உன் சோலியப் பாரு’ என்றால் வேலை செய் என்று அர்த்தமில்லை, தலையிடாதே என்று அர்த்தம். ‘அவன் சோலி முடிஞ்சுது’ என்பதை வேலை முடிந்தது என்று எடுத்துக்கொண்டு, வீட்டுக்குக் கிளம்பிவிட்டாரா என்று கேட்டால் என்ன ஆவது! நாமெல்லாம் சோலியை வாக்கியமாகத்தான் கேட்டு வளர்ந்தோம். பொருள் யாரும் சொல்லித் தரவில்லை.

சரி, அப்படியானால் வாக்கியத்தோடு கற்க எது வழி?

ஒன்று அகராதி. அகராதி என்றதும் நம் வீடுகளில் இருப்பது ஆங்கிலம்–தமிழ். 1960களில் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட, அ. சிதம்பரநாதன் செட்டியார் தலைமைப் பதிப்பாசிரியராக இருந்த ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியம் பெரிய வேலை. ஒரு சொல்லுக்கு எத்தனை தமிழ்ச் சொல் ஈடாகும் என்று பார்க்க இன்றும் நான் அதைத்தான் புரட்டுகிறேன். ஆனால் அது மொழிபெயர்ப்பாளனுக்கு உதவுகிற மாதிரி மாணவிக்கு உதவாது. வரிசையாகப் பத்துப் பொருள் இருக்கும். எது எங்கே பொருந்தும் என்று நமக்கு ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும்.

மாணவிக்கு வேண்டியது ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே செய்த ஆங்கிலம்–ஆங்கிலம் அகராதி. இந்த வகை ஆங்கிலேயர்களுக்காகப் பிறந்ததில்லை. ஜப்பானில் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்த ஹார்ன்பி, அங்குள்ள மாணவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்துச் செய்த அகராதி 1942இல் டோக்கியோவில் வெளிவந்தது. பிறகு 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு அதை வெளியிட்டது. இன்று ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் என்று நாம் சொல்வது அதன் வழி வந்தது. 1978இல் வந்த லாங்மேன் அகராதி, விளக்கம் எழுத ஏறக்குறைய 2000 எளிய சொற்களைத்தான் பயன்படுத்துவது என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டது. 1987இல் வந்த கோபில்டு இன்னும் ஒரு படி மேலே போய், பொருளையே முழு வாக்கியமாக எழுதியது. எனக்குப் பிடித்தது அதுதான். யாரை, எதை என்பதெல்லாம் அந்த வாக்கியத்துக்குள்ளேயே வந்துவிடுவதால், சொல்லுக்குப் பின்னால் என்ன ஒட்டிக்கொள்ளும் என்பதும் சேர்ந்து தெரிந்துவிடும். தடித்த புத்தகம் வாங்கப் பணம் இல்லை என்றால் பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். இந்த அகராதிகள் இணையத்திலும் காசில்லாமல் கிடைக்கின்றன.

இதில் ஒரே குறை, உதாரண வாக்கியங்கள் எல்லாம் வேறு ஊரில் நடக்கும். ‘ஸ்லிப்பரி’ என்று பார்த்தால் பனி உறைந்த சாலை வழுக்கும். நாம் உறைபனியை எங்கே பார்த்தோம்? குறுக்குத்துறைப் படித்துறையில் பாசி பிடித்த கல்லில் கால் வைத்துக் கீழே விழாதவர்கள் ஊரில் எத்தனை பேர்! அகராதி வாக்கியத்தைப் படி, அது எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பார், அப்புறம் அதே கட்டில் ஆற்றையும் படித்துறையையும் வைத்து உன் வாக்கியத்தை எழுது என்றேன். ‘தி ஸ்டெப்ஸ் ஆர் ஸ்லிப்பரி வித் மாஸ்.’ அவள் முதலில் செய்த தப்புக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்: வாக்கியத்தின் எலும்பு ஆங்கிலத்திலிருந்து வரவேண்டும், சதை மட்டும் நம் ஊரிலிருந்து.

சொல்லுக்குச் சேர்க்கை முக்கியம். நம் வீட்டில் பையன் கெட்டுப்போனால், ‘அவனுக்குச் சேர்க்கை சரியில்லை’ என்போம். ஒரு சொல்லை அதன் சேர்க்கையை வைத்துத்தான் அறிய முடியும் என்று ஃபிர்த் என்ற மொழியியலாளர் 1957இல் எழுதினார். ஆங்கிலத்தில் மழை ஹெவி, காற்று ஸ்ட்ராங், டீயும் ஸ்ட்ராங். கடைசி ஒன்றை மட்டும் நம் டீக்கடைகள் ஏற்கெனவே கற்றுக் கொடுத்துவிட்டன. ‘ஸ்ட்ராங்கா ஒரு டீ’ என்று யாரும் அகராதி பார்த்துச் சொல்வதில்லை. மாத்திரையை மட்டும் சாப்பிடுகிறோம் என்பதால் ‘ஈட்’ போட்டுவிடுகிறோம். ஆங்கிலத்தில் அது டேக். சேலை கட்டுகிறோம், சட்டை போடுகிறோம், பூ வைக்கிறோம், கண்ணாடி மாட்டுகிறோம். ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் ‘வேர்’ (wear) என்ற ஒரே சொல். அங்கே அவர்கள் ஏழை. நெல், அரிசி, சோறு என்று மூன்று சொல் வைத்திருக்கிற நமக்கு, வயலை விட்டு வந்தபிறகு ரைஸ் என்ற ஒன்றே ஒன்றுதான் கிடைக்கிறது. வங்கித் தேர்வில் கோடிட்ட இடத்தை நிரப்பும் பத்தி, பிழை கண்டுபிடிப்பது எல்லாம் இந்தச் சேர்க்கையைத்தான் சோதிக்கின்றன. ஐ.பி.பி.எஸ். முதல்நிலைத் தேர்வில் 30 ஆங்கிலக் கேள்விக்கு 20 நிமிடம். ஒவ்வொரு சொல்லின் தமிழ்ப் பொருளையும் மனதுக்குள் தேடிக்கொண்டிருந்தால் பாதியில் மணி அடித்துவிடும்.

அடுத்தது நாளிதழ். இதைப் பற்றி நல்லதாகத்தான் எல்லோரும் சொல்வார்கள். தினமும் தலையங்கம் படி, தெரியாத சொல்லை எல்லாம் குறித்துக்கொள். நானும் செய்து பார்த்திருக்கிறேன். நாலாம் நாள் நின்றுவிடும். காரணம் சோம்பல் இல்லை, கணக்கு. அகராதியின் துணை இல்லாமல் ஒரு நாளிதழைப் புரிந்து படிக்க 98 விழுக்காடு சொற்கள் தெரிந்திருக்க வேண்டும், அதற்கு எட்டாயிரம் ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைத்தவையும் சேர்ந்து ஒரு குடும்பம்) வேண்டும் என்று நேஷன் 2006இல் கணக்குப் போட்டார். அதாவது ஐம்பது சொல்லுக்கு ஒன்று மட்டும் தெரியாமல் இருக்கலாம். இரண்டாயிரம் சொல்லோடு உட்கார்ந்தால் ஐந்துக்கு ஒன்று தெரியாது. ஒரு தலையங்கத்தில் நூறு சொல்லுக்கு மேல் குறித்துக்கொண்டு யார் படிப்பது?

ஆனால் நாளிதழை வேறு மாதிரி பயன்படுத்தலாம். 2023 டிசம்பர் வெள்ளம் இந்தப் பக்கத்தில் யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை. தாமிரபரணி ஊருக்குள் வந்தது. திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. அந்த வாரம் முழுக்க ஆங்கிலப் பத்திரிகைகளில் ‘ஸ்ட்ராண்டட்’, அதாவது வெளியேற வழியில்லாமல் சிக்கிக்கொண்ட, என்ற சொல் வராத நாள் இல்லை. பயணிகள் ஸ்ட்ராண்டட், கிராமங்களில் மக்கள் ஸ்ட்ராண்டட், மொட்டைமாடியில் ஸ்ட்ராண்டட். அதோடு இனண்டேட்டட் (வெள்ளம் சூழ்ந்த), சப்மர்ஜ்டு (மூழ்கிய), ப்ரீச் (உடைப்பு), ரெஸ்க்யூ (மீட்பு). என் வீட்டில் ஒன்பதாம் வகுப்புப் பையன் அந்த ஒரு வாரத்தில் கற்ற சொற்கள் இன்றும் அவனுக்கு மறக்கவில்லை. பட்டியலிலிருந்து கற்ற எதுவும் நினைவில் இல்லை.

முழுப் பேப்பரையும் ஒரே நாளில் படிப்பதைவிட, ஒரே செய்தியை ஒரு வாரம் விடாமல் தொடர்ந்து படிப்பது மேல் என்பது என் கட்சி. செய்தி தெரிந்ததாக இருக்கும், அதே சொற்கள் திரும்பத் திரும்ப வரும், ஒவ்வொரு முறையும் வேறு வாக்கியத்தில் வரும். முதலில் தமிழில் படித்துவிட்டு அப்புறம் ஆங்கிலத்தில் படித்தால் இன்னும் எளிது. இதைத் திருட்டு வேலை என்று சில ஆசிரியர்கள் நினைக்கிறார்கள். இருக்கட்டும்.

போன் ஆப்புக்கு வருவோம். ஆப்புகள் செய்கிற வேலை கற்றுக் கொடுப்பது இல்லை, நினைவூட்டுவது. 1885இல் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர், பொருளே இல்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று அளந்து எழுதினார். மறதி முதல் நாளில்தான் மிகக் கடுமையாக இருக்கிறது. இடைவெளி விட்டுத் திரும்பப் பார்த்தால் மட்டுமே நிற்கிறது. இந்த இடைவெளியைக் கணக்கிட்டுத் தருவதற்குத்தான் ஆங்கி போன்ற ஆப்புகள். 2006இல் வந்தது, ஆண்ட்ராய்டு போனில் இலவசம். நல்ல கருவி. ஆனால் பிறர் செய்து வைத்த ஆயிரம் அட்டைக் கட்டை இறக்கி வைத்துக்கொண்டால் பட்டியல் புத்தகம் போனுக்குள் குடிவந்த கதைதான். எபிங்ஹாஸ் பொருளில்லாத அசைகளைப் படித்தது சோதனைக்காக. நாம் வாக்கியம் இல்லாத சொல்லைப் படித்து நம்மையே அந்தச் சோதனைக்கு உட்படுத்திக்கொள்கிறோம். போனைக் கையில் எடுத்தால் வேறு எங்கெல்லாமோ போய்விடுகிற வியாதியையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

போன் இல்லாமலும் இதைச் செய்யலாம். 1972இல் லைட்னர் என்பவர் எழுதிய பெட்டி முறை. ஒரு பெட்டியில் ஐந்து அறை. புதிய அட்டை முதல் அறையில். தினமும் பார்க்க வேண்டும். சரியாகச் சொன்னால் அடுத்த அறைக்குப் போகும், அதை இன்னும் தாமதமாகப் பார்த்தால் போதும். தப்பாகச் சொன்னால் எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்கே திரும்பும். அக்கா மகள் ஒரு கிலோ அல்வா வந்த அட்டை டப்பாவில் நாலு தடுப்பு ஒட்டினாள். பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டினால் பின்பக்கம் வெள்ளையாக, கெட்டியாக நல்ல அட்டை. எங்கள் வீட்டில் அதற்குப் பஞ்சமே இல்லை.

வேர்ச்சொல் வழியையும் சிலர் சொல்வார்கள். ஸ்பெக்ட் என்றால் பார்ப்பது. இன்ஸ்பெக்ட் உள்ளே பார்ப்பது, ஸ்பெக்டேட்டர் பார்க்கிறவர், சஸ்பெக்ட் என்றால் லத்தீனில் கீழிருந்து ஓரக்கண்ணால் பார்ப்பது. எனக்கு இது பிடிக்கும், பொழுதுபோக்காக. ஏற்கெனவே தெரிந்த சொல்லை மனதில் ஊன்ற உதவுகிறது. புதிய சொல்லை ஊகிக்கப் போனால் எக்ஸ்பெக்ட்டும் ரெஸ்பெக்ட்டும் வந்து காலை வாரிவிடும்.

கோச்சிங் சென்டர் நோட்டீஸைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வாய் திறந்து பேசக் கூச்சம் இருக்கிறவர்களுக்கு நாலு பேரோடு உட்கார்ந்து பேசிப் பழக ஒரு இடம் வேண்டும்; அதற்குக் கொடுக்கிற பணம் வீண் இல்லை. சொல் சேர்ப்பதற்கு அது இடமில்லை. அவளுக்குக் கூச்சமும் கிடையாது.

கடைசியில் நான் சொன்னது இது. வங்கித் தேர்வுக்கு ஒரு வருஷத்துக்கு மேல் இருப்பதால் அகராதியும் நோட்டும் முதலில். ஒரு நாளைக்கு எட்டுச் சொல், அதற்கு மேல் வேண்டாம். ஐயாயிரத்தை நாளைக்கு இருபதாக முடித்தால் 250 நாளில் தீர்ந்துவிடும் என்று அவள் போட்டிருந்த கணக்கு காகிதத்தில் அழகாக இருந்தது. எத்தனை நிற்கும் என்பது அந்தக் கணக்கில் இல்லை. அட்டையின் ஒரு பக்கம் சொல்லை எழுதாதே, சொல் இருக்க வேண்டிய இடத்தைக் கோடிட்டு வாக்கியத்தை எழுது. மறுபக்கம் சொல்லும் தமிழ்ப் பொருளும். தேர்வும் அப்படித்தான் கேட்கிறது. நாளிதழில் வாரத்துக்கு ஒரே ஒரு செய்தி. பட்டியல் புத்தகம் தெரிந்த சொல்லைச் சரிபார்க்க மட்டும்.

தேர்வுக்கு இரண்டு மாதம்தான் இருக்கிறது என்று அவள் வந்திருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன். புதிய சொல்லை விட்டுவிடு, பழைய வினாத்தாள்களில் வந்த வாக்கியங்களை மட்டும் எடுத்து அட்டை போடு என்றிருப்பேன். பேசுவதற்காக மட்டும் கற்கிற ஒருவருக்கு நாளிதழே தேவையில்லை. இரண்டாயிரம் சொல்லும் அவற்றின் சேர்க்கையும் போதும். அடிப்படையே இல்லாதவருக்குப் பட்டியல் புத்தகம்தான் முதல் படி, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆடியில் அவள் திரும்ப வந்தபோது அல்வா டப்பாவைக் கையோடு கொண்டு வந்திருந்தாள். மூன்றாம் அறைவரை அட்டைகள் போயிருந்தன. முதல் அறையில் கிடந்த ஒன்றை எடுத்துப் பார்த்தேன். ‘தி செங்கோட்டை பாசஞ்சர் இஸ் ______ ஃபார் கெட்டிங் டிலேய்டு.’ திருப்பினால் நோட்டோரியஸ்.

“இது இன்னும் முதல் அறையிலயா கிடக்கு?” என்று கேட்டேன்.

“மூணு தடவை மேல போயிட்டு வந்துட்டு மாமா. ஒவ்வொரு தடவையும் ஃபேமஸ்னு சொல்லிடுதேன்.”